எப்போ திரும்பிப் போவாங்க? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஒரு வாசகி, “முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு ஓட்டு உண்டா?” என்று கேட்டிருந்தார். 1987 ஜூலை 1-ஆம் தேதிக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் என்றால் உண்டு, மற்றவர்களுக்கு இல்லை என்று இரண்டு வரியில் பதில் போட்டேன். அந்த இரண்டு வரிக்கு ஒரு பை நிறையக் கடிதம். பாராட்டு கொஞ்சம், திட்டு கொஞ்சம், கேள்விதான் அதிகம். வருவாய்த் துறையில் வேலை பார்த்த காலத்தில் தென் மாவட்டம் ஒன்றில் முகாம் பொறுப்பும் என் தலையில் இருந்தது. அதனால் இந்த இதழ் முழுக்க இதே பேச்சுதான். பட்டா மாறுதலும் வாரிசுச் சான்றிதழும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். தாலுகா ஆபீசில் காத்திருப்பதைவிட இது குறைவுதான்.

● போர் முடிந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் ஏன் இங்கேயே இருக்கிறார்கள்? எப்போதான் திரும்பிப் போவார்கள்?
– வாசகர், கள்ளக்குறிச்சி

நிறையப் பேர் போய்விட்டார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. 1983 ஜூலைக் கலவரத்தில் தொடங்கி அலை அலையாக வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். 1987-இல் ராஜீவ்–ஜெயவர்த்தனா ஒப்பந்தம் ஆனதும் ஒரு பகுதி திரும்பியது. 1990-இல் சண்டை மறுபடி மூண்டு வந்தவர்களில் பெருங்கூட்டம் 1992 முதல் 1995 வரை அனுப்பிவைக்கப்பட்டது. 2009-க்குப் பிறகு ஐ.நா. அகதிகள் ஆணையம் டிக்கெட் எடுத்துக் கொடுத்துப் போனவர்கள் உண்டு. ஐரோப்பா, கனடா என்று நகர்ந்தவர்களும் உண்டு. 2021-இல் தமிழக அரசு சொன்ன கணக்குப்படி மிச்சம் இருந்தவர்கள் முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர். காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியே வசித்தவர்கள் 34,000 பேர்.

அவர்கள் ஏன் போகவில்லை? எங்கள் முகாமில் மன்னார்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். செக்கிங் நாளில்தான் அவரைப் பார்ப்பேன். செக்கிங் என்றால் தலை எண்ணுவது. குடும்பப் போட்டோ ஒட்டிய பதிவேட்டை வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்காருவோம். ஒவ்வொருவராக வந்து முகத்தைக் காட்ட வேண்டும். பெயிண்ட் காயாத கையோடு வேலையிலிருந்து ஓடி வருகிறவர்கள், பரீட்சை முடித்து யூனிஃபார்மோடு வருகிற பிள்ளைகள், கைக்குழந்தையைத் தூக்கி “இதுவும் ஒரு ஆள் சேர்” என்று காட்டுகிறவர்கள். வராதவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடு. அதற்கப்புறம் “பதிவை வெட்டிட்டாங்க சார்” என்று மாதக்கணக்கில் அலைச்சல்.

அந்தப் பெரியவர் ஒருநாள் பிளாஸ்டிக் உறைக்குள் சுருட்டி வைத்திருந்த காணி உறுதியை, அதாவது நிலப் பத்திரத்தை, என் மேசைமேல் விரித்தார். மடிப்பெல்லாம் செலோ டேப். அந்தக் காணியில் இப்போது கடற்படை உட்கார்ந்திருக்கிறது என்றார். “விட்டாங்கள் எண்டா நான் போவன் சேர். பெடியன் வரமாட்டான்.” பெடியனுக்கு, அதாவது மகனுக்கு, அப்போதே முப்பதை நெருங்கும் வயது. பிறந்தது முகாமில், படித்தது நம்ம பஞ்சாயத்து யூனியன் பள்ளியில், கட்டியது பக்கத்து ஊர்ப் பெண்ணை. அவனுக்கு மன்னார் என்பது அப்பா சொல்லும் கதை.

இன்னொரு பகுதியினர் மலையகத் தமிழர்கள். இவர்கள் கதை இன்னும் சுற்று. பாட்டனார் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். இந்தக் காகிதம் எதிலும் ஒழுங்காக அகப்படாத குடும்பங்கள் 1977 கலவரத்தில் அடிபட்டு வவுனியாப் பக்கம் ஒதுங்கி, அங்கும் சண்டை வந்து படகேறி மண்டபத்தில் இறங்கின. மண்டபம் முகாம் எதற்காகக் கட்டப்பட்டது தெரியுமா? வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பரிசோதித்து அனுப்ப. பாட்டன் கப்பலேறக் காத்திருந்த வளாகத்தில் பேரன் அகதியாகப் பெயர் கொடுத்தான். இவர்களைப் பார்த்து “எப்போ திரும்பிப் போவீங்க?” என்றால் எந்த ஊருக்கு என்று சொல்வார்கள்?

1983-இலிருந்து டெல்லியில் எந்தக் கட்சி இருந்தாலும் பாட்டு ஒன்றுதான்: இவர்கள் தற்காலிகமாக வந்தவர்கள், ஒருநாள் போய்விடுவார்கள். தங்க வைப்பதாகவும் சொல்வதில்லை, அனுப்புவதாகவும் சொல்வதில்லை. முடிவு எடுக்காமல் இருப்பதே நாற்பது வருடமாகக் கொள்கை. எனக்கு இதன்மேல்தான் கோபம்.

● எங்கள் வரிப்பணத்தில் எத்தனை காலத்துக்குச் சோறு போடுவது?
– வாசகர், நாமக்கல்

2021-இல் உயர்த்திய பிறகு குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. கணவன், மனைவி, இரண்டு சிறுபிள்ளைகள் என்றால் 3,500 ரூபாய். இதற்குப் பெயர் பணக்கொடை. இதில் யாரும் உட்கார்ந்து சாப்பிட முடியாது. அதனால்தான் முகாம் ஆண்களில் பாதிப்பேர் கயிற்றில் தொங்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். பி.இ. படித்தவனும் அடிக்கிறான், எம்.பி.ஏ. படித்தவனும் அடிக்கிறான். பாஸ்போர்ட் இல்லை, குடியுரிமை இல்லை என்றதும் கம்பெனிகள் கும்பிடு போட்டு அனுப்பிவிடுகின்றன.

என் எதிர்வீட்டு நண்பரும் உங்களைப் போலத்தான், வரிப்பணம் வரிப்பணம் என்பார். அவர் வீட்டு காம்பவுண்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவர்களிடம் கூலி பேசும்போது மட்டும், “கேம்ப்காரங்கதானே, ஆளுக்கு ஐம்பது குறைச்சுக்கோ” என்றார். அவர்கள் வாங்கும் சோப்புக்கும் பருப்புக்கும் ஜி.எஸ்.டி. உண்டு என்பதையும் அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

வீடு விஷயத்தில் மட்டும் நல்ல செய்தி. பத்துக்குப் பத்து அறை, மேலே தார் ஷீட், நடுவில் சேலைத் தடுப்பு என்று முப்பது வருடம் ஓடியது. 2021 ஆகஸ்டில் அரசு 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்து, அதில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னது. வேலூர் மேல்மொணவூரில் தொடங்கிக் கட்டியும் கொடுத்தார்கள். அப்போதே ‘அகதிகள் முகாம்’ என்ற பலகையை எடுத்துவிட்டு ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாட்டினார்கள். பலகை மாறியதில் தப்பில்லை. வீட்டில் கழிப்பறை வந்ததுதான் பெண்களுக்குப் பெரிய விஷயம்.

● 83-இல் கண்ணீரோடு வரவேற்ற தமிழ்நாடு 91-க்குப் பிறகு ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டது?
– வாசகர், தஞ்சாவூர்

83-இல் நான் இளநிலை உதவியாளன். தாலுகா ஆபீஸ் வராண்டாவில் அரிசி மூட்டையும் பழைய சேலையும் மலையாகக் குவிந்தன. யாரும் ரசீது கேட்கவில்லை, பெயர் போடச் சொல்லவில்லை. எங்கள் ஆபீசில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு காட்சி கிடையாது.

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். அடுத்த வாரமே, வெளியே வாடகைக்கு இருந்தவர்கள் சட்டி பானையோடு முகாம் வாசலில் நின்றார்கள். “வீட்டுக்காரர் நல்லவர்தான், அக்கம்பக்கத்தில் பேசுறாங்களாம்” என்பதுதான் எல்லோர் வாயிலும். ராஜீவ் காந்தியைக் கொன்றது ஓர் இயக்கம். அந்த இயக்கத்தின் சண்டையிலிருந்தும் ராணுவத்தின் சண்டையிலிருந்தும் தப்பி வந்தவர்கள்தான் முகாமில் இருந்தவர்கள். அந்த வித்தியாசத்தைப் பார்க்கும் மனநிலையில் அன்றைக்குத் தெரு இல்லை.

தெருவைக்கூட நான் மன்னித்துவிடுவேன். துக்கமும் கோபமும் இருந்தது, சில வருடத்தில் ஆறியது. அரசும் அதே வேகத்தில் திரும்பியதுதான் உறுத்தல். எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த கல்லூரி ஒதுக்கீடு நின்றது. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் கால் வைக்க முடியவில்லை. திருப்பி அனுப்பும் வேலை ஆரம்பித்தது. மனமொப்பித்தான் போகிறார்களா என்று கேட்டுப் பார்க்க 1992-இல் ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்த பிறகே கொஞ்சம் நிதானம் வந்தது. கல்லூரி இடம் 1996-இல் கருணாநிதி ஆட்சியில் திரும்பி வந்தது. இடையில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் கணக்கை யார் நேர் செய்வது? இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் நடத்திய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகள் பிடிவாதமாகப் பிள்ளைகளைப் படிக்க வைக்காமல் போயிருந்தால் இன்று முகாமில் இத்தனை பட்டதாரிகள் இருந்திருக்க மாட்டார்கள்.

● நான் முகாமில் பிறந்தவள். என் அண்ணன் இந்தியர், நான் இல்லை என்கிறார்கள். ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்களுக்குள் இது எப்படி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பிறந்த தேதியால் வந்த வினை அம்மா. குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாவது பிரிவுப்படி 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்த யாரும் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். பெற்றோர் எந்த நாட்டவர் என்ற கேள்வி இல்லை. 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தால் தாய், தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தால் இன்னும் இறுக்கம்: ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவர்களை அரசு அந்தப் பட்டியலில்தான் வைக்கிறது. மேலே சொன்ன மன்னார்ப் பெரியவரின் பேரப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அம்மா இந்தியப் பெண். பிள்ளைகள்?

உங்கள் அண்ணன் அந்தத் தேதிக்கு முன் பிறந்திருந்தால் சும்மா இருக்க வேண்டாம். 1986-இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண், பாஸ்போர்ட் மறுக்கப்பட்டதும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2022-இல் அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உத்தரவு ஆனது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். பிறப்புச் சான்றிதழ்தான் முக்கியம். அரசு மருத்துவமனைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று முதலில் தேடச் சொல்லுங்கள்.

உங்களுக்கு இப்போதைக்கு நேரான வழி இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. 2019-இல் வந்த திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு மதத்தவருக்கு மட்டும் கதவைத் திறந்தது. இலங்கை பட்டியலிலேயே இல்லை. அந்த ஆறு மதத்தில் இந்துவும் உண்டு, கிறிஸ்தவரும் உண்டு. முகாமில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்று. இருந்தும் நாடு சரியில்லையாம். மதத்தை வைத்து வடிகட்டுவதே எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர்கள் கணக்குப்படியே பார்த்தாலும் இந்த விடுபடல் எனக்குப் புரியவில்லை.

● இந்தியா தர்மசாலை அல்ல என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே?
– வாசகர், கோயம்புத்தூர்

2025 மே மாதம் நீதிபதி தீபாங்கர் தத்தா தலைமையிலான அமர்வில், வாதத்தின்போது வாய்மொழியாகச் சொன்னது. வழக்கு போட்டவர் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்ற ஓர் இலங்கைத் தமிழர். தண்டனை முடிந்ததும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்து வந்தார். அந்த ஒரு வரி வாட்ஸப்பில் சுற்றிய வேகத்தில், முகாமில் இருக்கும் எல்லோருக்கும் தீர்ப்பு வந்துவிட்டதாக ஊரே பேசியது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் இதைச் சொல்லியே எழுந்து போனார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் வந்த நல்ல சேதி ஒன்றை யாரும் பகிரவில்லை. 2025-இல் வந்த புதிய குடியேற்றம், வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து தஞ்சம் அடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு. இது குடியுரிமை ஆகாது. ஆனால் ‘சட்டவிரோதம்’ என்ற முத்திரைக்கு டெல்லியே முதல் தடவையாகக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து அழிக்கப் பார்க்கிறது. அகதிகளுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் கிடையாது, 1951 ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையிலும் கையெழுத்து இல்லை. எல்லாம் இப்படி ஆணையாலும் சுற்றறிக்கையாலும்தான் ஓடுகிறது. ஆணை போட்டவர் நினைத்தால் எடுக்கவும் முடியும்.

● 2022-இல் விலைவாசி தாங்காமல் படகில் வந்தார்களே, அவர்களும் அகதிகளா? பசிக்காக வந்தவரை எப்படி அகதி என்பது?
– வாசகி, ராமேஸ்வரம்

சட்டப் புத்தகத்தைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகப் பிரிவைச் சேர்ந்திருப்பது, இவற்றால் துன்புறுத்தலுக்கு அஞ்சி வருபவர்தான் உலக உடன்படிக்கைப்படி அகதி. பால்மாவு கிடைக்காமல் வந்தவர் கணக்கில் வரமாட்டார். அரிச்சல்முனை மணல்திட்டில் கைக்குழந்தையோடு இறக்கிவிடப்பட்டவர்களைக் கடலோரக் காவல் படை மீட்டு வந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். தமிழக அரசு மண்டபத்தில் தங்க வைத்துச் சோறு போட்டது. டெல்லி அகதி என்று பதியவில்லை. பழைய முகாம்காரர்களைவிட இவர்கள் நிலை இன்னும் ஒரு படி கீழே. மேலே சொன்ன 2015 தேதியும் இவர்களைக் காப்பாற்றாது.

● திருப்பூரில் எங்கே பார்த்தாலும் வடநாட்டுப் பசங்கள். அகதிகளைப் பற்றிக் கவலைப்படும் நீங்கள் நம் பையன்கள் வேலை பறிபோவதைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?
– வாசகர், திருப்பூர்

அவர்கள் அகதிகளும் இல்லை, வெளிநாட்டவரும் இல்லை. உங்களைப் போலவே ஆதார் கார்டு வைத்திருக்கும் குடிமக்கள். நாட்டில் எங்கும் போய்ப் பிழைக்க அரசியல் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. 2023 மார்ச்சில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பீகார் தொழிலாளர்களை இங்கே அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பாட்னா சட்டசபையில் கூச்சல், அங்கிருந்து அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்தது. ஹோலிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருவார்களா என்று பனியன் கம்பெனி முதலாளிகள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேலையைப் பறித்தவன் ஊருக்குப் போனால் சந்தோஷம்தானே பட வேண்டும்?

கூலியைக் குறைக்க அவர்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கேள்வி கம்பெனியைப் பார்த்துக் கேட்க வேண்டியது. பம்பாயில் சிவசேனா 1966-இல் கிளம்பியபோது “மதராஸிகள் வேலையைப் பறிக்கிறார்கள்” என்றுதான் கிளம்பியது. தாராவியில் அன்று அடி வாங்கியவர்களின் பேரன்கள் யாராவது திருப்பூரில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

● இந்தியாவுக்கு ஒரே மூச்சில் அதிக அகதிகள் வந்தது எப்போது?
– பள்ளி மாணவர், சிவகாசி

தேசப் பிரிவினையைத் தனியாக வைத்துவிட்டால், 1971. கிழக்கு பாகிஸ்தானிலிருந்து சில மாதங்களில் ஒரு கோடிப் பேர். செலவுக்கு அரசு தபாலில் 5 பைசா கூடுதலாக வாங்கியது. குடும்பக் கட்டுப்பாட்டு ஸ்டாம்பின் மேலேயே ‘அகதிகள் நிவாரணம்’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்து விற்றார்கள். என் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இன்னும் இரண்டு கிடக்கின்றன. ஸ்டாம்பு சேர்க்கிறவன் என்றால் எழுது, ஒன்று அனுப்புகிறேன்.

● ரோஹிங்யா அகதிகள் தமிழ்நாட்டில் இருக்கிறார்களா?
– வாசகர், மதுரை

இருக்கிறார்கள், மிகச் சிலர். சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடம் ஒன்றில் சில குடும்பங்கள். பழைய பேப்பர், பிளாஸ்டிக் பொறுக்கிப் பிழைக்கிறார்கள். பிள்ளைகள் தமிழ் பேசுகின்றன.

● என் மகன் டொராண்டோவில் இருக்கிறான். தமிழர்களைக் கைநீட்டி வரவேற்ற கனடாவே இப்போது குடியேறிகள் வேண்டாம் என்கிறதாமே, என்ன ஆயிற்று அவர்களுக்கு?
– வாசகி, ஸ்ரீரங்கம்

கைநீட்டி வரவேற்றது பாதி உண்மை. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மூடுபனியில் மிதந்துகொண்டிருந்தார்கள். மீன்பிடிக்கப் போனவர்கள்தான் முதலில் பார்த்துக் காப்பாற்றினார்கள். ஊர்க்காரர்கள் போர்வை கொடுத்தார்கள், சூப் கொடுத்தார்கள். இந்தியாவிலிருந்து வருகிறோம் என்று முதலில் சொன்னவர்கள் உண்மையில் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்று சில நாளில் தெரிந்ததும் நாடே கொதித்தது. பொய் சொன்னவர்களைத் திருப்பி அனுப்பு என்று குரல் எழுந்தது. அன்றைய பிரதமர் பிரையன் மல்ரோனி அனுப்ப மாட்டேன் என்று நின்றார். தங்கி வேலை செய்ய அனுமதியும் கொடுத்தார்.

2010-இல் அதே கனடா, மேற்குப் பக்கத்துக் கடல். ‘சன் சீ’ என்ற கப்பலில் 492 தமிழர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இறங்கினார்கள். முள்ளிவாய்க்கால் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இந்தத் தடவை பயங்கரவாதிகளும் ஆள்கடத்தல்காரர்களும் இருக்கலாம் என்று பொதுப் பாதுகாப்பு அமைச்சரே எச்சரித்தார். மாதக்கணக்கில் சிறை, பெண்களும் குழந்தைகளும் உட்பட. 2012-இல் இப்படிக் கூட்டமாக வருபவர்களை அடைத்து வைக்கவே சட்டம் போட்டார்கள். இதற்கு நடுவில், 2011 தேர்தலில் ராதிகா சிற்சபைஈசன் முதல் தமிழ் எம்.பி.யாக ஒட்டாவா போனார். ஒரே ஊரில் இரண்டும் நடக்கும்.

இன்றைய எதிர்ப்பு வேறு வகை. வீட்டு வாடகை ஏறிவிட்டது, டாக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருப்பு. அதற்குப் பழி புதிதாக வந்தவர்மேல். 2024 அக்டோபரில் ட்ரூடோ அரசு, 2025-க்குத் திட்டமிட்டிருந்த 5,00,000 நிரந்தரக் குடியேற்றத்தை 3,95,000 ஆகக் குறைத்தது. 2025 ஜூனில் புகலிடம் கேட்பதை இறுக்கும் எல்லைச் சட்ட மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. கொண்டுவந்தவர் யார் தெரியுமா? பொதுப் பாதுகாப்பு அமைச்சர் கெரி ஆனந்தசங்கரி. 1983-இல் சிறுவனாக அம்மாவோடு கனடாவில் அகதியாக இறங்கியவர். அவரை நான் துரோகி என்று சொல்ல மாட்டேன்; அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் யாரும் அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ஆனால் உங்கள் மகன் தேர்தலில் ஓட்டுப் போடுகிறவர் என்றால், ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கலாம்.

● ஊர் மக்களே சேர்ந்து அகதிக் குடும்பத்தைக் காப்பாற்றியதாக எங்காவது உண்டா? எப்போதும் விரட்டிய கதையே படித்து அலுத்துவிட்டது.
– வாசகி, பாளையங்கோட்டை

உண்டு. ஆஸ்திரேலியா, குயின்ஸ்லாந்தில் பிலோயலா என்று ஒரு சின்ன ஊர். நிலக்கரிச் சுரங்கம், இறைச்சித் தொழிற்சாலை, ஐயாயிரம் ஆறாயிரம் மக்கள். குடியேற்றத்துக்கு ஆதரவாகக் கொடி பிடிக்கிற ஊர் இல்லை. ஓட்டெல்லாம் பழமைவாதக் கட்சிக்குத்தான். தனித்தனியாகப் படகில் வந்து அங்கே குடும்பமான ஈழத் தம்பதியும் அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகளும் அங்கே இருந்தார்கள். கணவர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. 2018 மார்ச்சில் விடியற்காலையில் அதிகாரிகள் வந்து குடும்பத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ‘படகில் வந்தால் ஆஸ்திரேலியாவில் இடமில்லை’ என்பது அந்த அரசின் கொள்கை. தேர்தலில் அதைச் சொல்லியே ஜெயித்தவர்கள்.

ஊர்ப் பெண்கள் சிலர் மனு எழுத உட்கார்ந்தார்கள். 2019 ஆகஸ்டில் இலங்கைக்கு விமானமே கிளம்பிவிட்டது. நடுவானில் நீதிபதியின் தடை உத்தரவு எட்டி, டார்வினில் இறக்கினார்கள். அப்புறம் கிறிஸ்துமஸ் தீவு. அங்கே சின்னக் குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி பரவி உயிருக்குப் போராடியபோதுதான் நாடு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. 2022 மே தேர்தலில் ஆட்சி மாறி, ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசா. நான்கு வருடம் அந்த ஊர் விடவில்லை. அதே ஊரில் பொதுவாக “படகில் வருபவர்களை விடலாமா?” என்று கேட்டிருந்தால் பாதிப்பேர் கூடாது என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். என் எதிர்வீட்டு நண்பரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “அது நல்ல குடும்பமா இருந்திருக்கும்” என்றார்.

● எங்கள் மாடி வீட்டை இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்று வாடகைக்குக் கேட்கிறது. கொடுக்கலாமா? போலீஸ் தொந்தரவு வருமா? என் கணவர் பயப்படுகிறார்.
– வாசகி, வளசரவாக்கம்

கொடுக்கலாம். அவர்கள் முகாமில் பதிந்தவர்களா, முகாமுக்கு வெளியே பதிந்தவர்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிப்பதிவு என்றால் அவர்களிடம் காவல் நிலையப் பதிவுச் சான்று இருக்கும். அதன் நகலையும் ஆதார் நகலையும் வாங்குங்கள். வாடகை ஒப்பந்தத்தில் எல்லோர் பெயரையும், குழந்தைகள் உட்பட, எழுதுங்கள். பிறகு உங்கள் எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் காவல் நிலையத்தில் முத்திரை போடாமலே விட்டுவிடுவார்கள், நீங்கள் விடாதீர்கள். முகாமில் பதிந்தவர்கள் என்றால் வெளியே தங்க வட்டாட்சியர் வழியாக அனுமதி வேண்டும். அது வரும்வரை சாவி கொடுக்காதீர்கள், இல்லையென்றால் செக்கிங்கில் அவர்கள் பெயர்தான் வெட்டுப்படும். எப்போதாவது போலீஸ்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போவார், அது வழக்கம்தான். அந்த முத்திரை போட்ட நகலைக் காட்டினால் போதும்.

அட்வான்ஸ் மற்ற குடித்தனக்காரர்களிடம் எவ்வளவு வாங்கினீர்களோ அதையே வாங்குங்கள். தண்ணீர் மோட்டார் நேரத்தையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எல்லா மாடி வீட்டிலும் சண்டை அதில்தான் ஆரம்பிக்கிறது.